ஆச்சாரியாரும் மத்தியதர வகுப்பினரும்

பொதுத் தேர்தல் நெருங்கும் காலங்களில் விலைவாசியைப் பற்றியும் வரிப்பளுவைப் பற்றியும் பேசாத அபேட்சகர் ஒருவரையேனும் காண்பது அரிது. டில்லிப் பார்லிமெண்டில் அமர விரும்பும் ஒவ்வொருவரும் மாதச் சம்பளக்காரரையும், சில்லறை வியாபாரியையும், நாலைந்து ஏக்கர் புஞ்சையை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடியானவரையும் அப்பொழுது மாத்திரம் நினைவுகூர்கிறார்கள். இவ்வகுப்பாரின் கஷ்டங்களையே முக்கிய வழக்காக எடுத்துக்கொண்டு அகில இந்தியத் தேர்தல் களத்தில் இறங்கிய பெரியவர் ஒருவர் உண்டு. அவரைத் தேடி நம் இண்டூர்வாசிகள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திய ஸ்ரீ சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியாரே அவர். வேடிக்கை என்னவென்றால், பார்லிமெண்டுக்கு அவர் ஒருபோதும் அபேட்சகராக நிற்கவில்லை. பிறருக்காக வோட்டுக் கேட்டார்; அதுவும் எண்பது வயதுக்கு மேல்.

1878-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ந் தேதி ஆச்சாரியார் பிறந்தபோது தொரப்பள்ளி சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1965-ல் தருமபுரி தனி மாவட்டமானபொழுது அவ்வூர் தருமபுரிக்கு வந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தபொழுது அங்கே போயிற்று. அவருடைய தகப்பனார் அக்கிராமத்தின் முன்சீப். கிராம முன்சீப் என்றால் நிலவரியை வசூலித்துக் கஜானாவில் கட்டவேண்டியவர் என்பதை நம் வாசகர்களில் வயதானவர்கள் அறிவார்கள். ஆகவே வரி என்பது குடியானவனுடைய மடியிலிருந்து எவ்விதம் அவிழ்கிறது என்பதைச் சிறுபிள்ளையாக வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. பெங்களூர் சென்ட்ரல் காலேஜிலும் சென்னை இராஜதானிக் கல்லூரியிலும் படித்துச் சட்டப் பரீட்சையில் தேறி, 1900-ம் ஆண்டு வாக்கில் சேலத்தில் தொழில் தொடங்கினார். கிரிமினல் வழக்குகளில் அவருக்கு இருந்த பெயர் பெரிது, வருமானமும் பெரிது. 1917-ல் சேலம் முனிசிபாலிடியின் சேர்மனானார். அத்தனையையும் உதறிவிட்டு மகாத்மாவின் ஒத்துழையாமை இயக்கத்தில் குதித்தார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளின் சரித்திரம் தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்ததே. வேலூர்ச் சிறை, 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் அமைத்த காந்தி ஆசிரமம், மதுவிலக்குக்காகவே அங்கிருந்து நடத்திய "விமோசனம்" என்ற மாதப் பத்திரிகை, 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்த உப்பு யாத்திரை ஆகியவற்றை இங்கே விரித்துரைப்பது அவசியமில்லை. நாம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு 1937-ம் ஆண்டே முக்கியமானது.

அவ்வாண்டுத் தேர்தலில் ஆச்சாரியார் சென்னை சர்வகலாசாலைத் தொகுதியில் நின்று சட்டசபைக்குச் சென்றார். பட்டதாரிகள் மாத்திரம் வோட்டளிக்கும் தொகுதி அது. பிற்காலத்தில் எந்த வகுப்பாருக்காக வாதாடினாரோ, அந்த வகுப்பாரே அன்று அவரை அனுப்பினார்கள் என்று கூறலாம். ஜூலை மாதத்தில் பிரதம மந்திரியானார். கராச்சிக் காங்கிரஸின் தீர்மானப்படி மந்திரிகளின் மாதச் சம்பளம் 500 ரூபாய்க்கு மேற்படக்கூடாது என்பதை ஏற்றுக்கொண்ட மந்திரிசபை அது.

அக்டோபர் மாதம் முதல் தேதியன்று சேலம் ஜில்லா முழுவதிலும் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. இந்த இராஜதானியிலேயே முதன்முதலாகக் கள்ளுக்கடைகள் மூடப்பட்ட ஜில்லா நம்முடையது. அக்காலத்தில் சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்த இண்டூரும் தருமபுரியும் பென்னாகரமும் இச்சோதனைக்கு உட்பட்ட பூமிகளே. மானம் பார்த்த இந்தப் புஞ்சைக் காடுகளில், கேழ்வரகும் சாமையும் விளைந்தால் உண்டு, இல்லாவிட்டால் கடன் என்ற நிலையில் ஜீவித்த ஏழைக்குக் கள்ளுக்கடை மூடியது எத்தகைய நன்மை என்பதை விவரிக்கவேண்டியதில்லை. மறு ஆண்டே விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும் வந்தது. அசலுக்கு மேல் வட்டி ஏறி, வட்டிக்கு வட்டி ஏறி, பத்திரமும் நிலமும் ஒருங்கே சாவுகாரன் பெட்டியில் போய்ச் சேருவதை அச்சட்டம் ஓரளவு தடுத்தது. கடன் கொடுத்தவர்களும் பெரும்பாலும் மத்தியதர வகுப்பாரே. அவர்களுக்கு அன்று ஆச்சாரியாரிடம் கோபம் உண்டாயிற்று.

ஆனால் கள்ளுக்கடையை மூடினால் கஜானாவில் பள்ளம் விழும். அப்பள்ளத்தை நிரப்ப 1939-ல் அவர் கொண்டுவந்ததே பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாச் சரக்குகளின் விற்பனைமீதும் பொதுவாக வரி விதிக்கும் முறையை இந்தியாவில் முதலில் ஏற்படுத்தியவர் அவரே. சிறு கடைக்காரருக்கு விலக்கு இருந்தது. விகிதமும் அற்பமாகவே இருந்தது. இருப்பினும் வர்த்தகர்கள் கூச்சலிட்டார்கள். பிற மாகாணங்கள் கண் திறந்து பார்த்தன; ஒவ்வொன்றாகப் பின்பற்றின. பிற்காலத்தில் எந்தச் சம்பளக்காரனுடைய வீட்டுச் செலவுக்காக ஆச்சாரியார் பரிந்து பேசினாரோ, அவன் வாங்கிய எண்ணெயிலும் சோப்பிலும் துணியிலும் ஏறிய வரிக்கு அவரே பிதாமகர். எதிர்க் கட்சியார் பிற்காலத்தில் இதைச் சுட்டிக்காட்டியதில் தவறில்லை என்பதே நம் அபிப்பிராயம். அவர் பக்கத்தில் நாம் சொல்லக்கூடிய சமாதானம் ஒன்று உண்டு: வரவு இன்னது, செலவு இன்னது என்று கணக்குக் காட்டி வரி விதிப்பது ஒன்று, வரவுக்கு மேல் செலவு செய்துவிட்டு நோட்டு அச்சடித்து ஈடுகட்டுவது வேறொன்று. முன்னதை அவர் செய்தார், பின்னதை எதிர்த்தார். வக்கீல் தொழிலில் இவ்வித வேற்றுமை செல்லுபடியாகும். கடைவீதியில் செல்லுமா என்பது வேறு கேள்வி.

1939 அக்டோபரில் யுத்தப் பிரச்சினையின்மேல் மந்திரிசபை ராஜிநாமாச் செய்தது. 1942-ல் ஆகஸ்ட் இயக்கத்துக்கு உடன்படாமல் தனித்து நின்று வசைபெற்றார். சுயராஜ்யம் வந்ததும் வங்காளக் கவர்னராகவும், 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை கவர்னர்-ஜெனரலாகவும் இருந்தார். குடியரசின் முதல் ஜனாதிபதியாக அவரையே நியமிக்க நேருஜி விரும்பினார். கட்சியார் ஸ்ரீ ராஜேந்திர பிரசாத்தை விரும்பினார்கள். ஸர்தார் படேல் காலமானபின் சில மாதங்கள் உள்நாட்டு மந்திரி. தேசத்தின் உச்சப் பதவிகள் அனைத்தும் ஜனங்களின் நேரடி வோட்டு இல்லாமலே அவரை வந்தடைந்தன.

1952-லும் அப்படியே நடந்தது. சென்னைச் சட்டசபையில் 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்கு 152 மாத்திரம் கிடைத்த நெருக்கடியில், கவர்னர் அவரை மேல்சபைக்கு நியமித்து முதன் மந்திரியாக்கினார். இது ஜனநாயக முறைக்கு உகந்ததா என்ற கேள்வி அன்றே எழுந்தது. அதற்கு நேரான விடை இதுவரை ஒருவரும் கூறவில்லை. ஆனால் பதவிக்கு வந்த இரண்டு மாதங்களுக்குள் அவர் செய்த ஒரு காரியம் சாதாரணக் குடும்பஸ்தர்களின் நெஞ்சில் நெடுங்காலம் நின்றது. யுத்த காலத்திலிருந்து நீடித்த அரிசிக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் ஜூன் மாதத்தில் நீக்கிவிட்டார்.

அந்த ரேஷன் காலத்தைக் கண்டவர்கள் இன்று சிலரே மிஞ்சியிருப்பார்கள். ரேஷன் கடையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வரவேண்டும். ஒரு ஜில்லாவிலிருந்து மறு ஜில்லாவுக்கு நெல் மூட்டையைச் சர்க்கார் அனுமதியின்றிக் கொண்டுபோகலாகாது. விளைத்தவன் விற்பதற்கும் தின்பவன் வாங்குவதற்கும் இடையில் ஓர் உத்தியோகஸ்தர் பட்டாளமே நின்றது. கள்ளமார்க்கெட் என்ற சொல்லைக் குழந்தைகளும் கற்றன. கட்டுப்பாட்டை நீக்கினால் விலை ஆகாயத்துக்கு ஏறும், பட்டினிச் சாவு நேரும் என்று அஞ்சியவர்கள் பலர். மத்திய உணவு மந்திரி ஸ்ரீ ரபி அகமது கித்வாய் ஆச்சாரியாருக்குத் துணை நின்றார். பதுங்கியிருந்த நெல் வெளியே வந்தது, அஞ்சியது நேரவில்லை. ஜனங்களை நம்பிக் காரியத்தை விட்டால் நடக்கும், உத்தியோகஸ்தரை நம்பி விட்டால் நடவாது என்ற அவருடைய நம்பிக்கை இங்கேதான் உறுதிப்பட்டது என்று நாம் கருதுகிறோம்.

அதே கையால் 1953-ல் ஆரம்பக் கல்வித் திட்டத்தையும் கொண்டுவந்தார். பள்ளிக்கூட நேரத்தைக் குறைத்து, மிகுந்த பொழுதில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கவேண்டும் என்ற ஏற்பாடு அது. குலக்கல்வி என்று பெயர் பெற்று, நாடெங்கும் கொதிப்பை உண்டாக்கிற்று. ஒரு வகுப்பான் மேலேறி வருவதற்குப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு ஏணி இல்லாத தேசத்தில், அந்த ஏணியில் கைவைத்தது பெரும்பிழை. 1954 ஏப்ரலில் அவர் பதவி விலகினார். ஸ்ரீ காமராஜ் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது.

எழுபத்தைந்து வயதில் ஓய்வு பெற்று இராமாயண பாரதங்களோடு காலங்கழித்திருந்தால் குறை சொல்வார் இல்லை. ஆனால் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் 1956-ல் ஆரம்பமாயிற்று. பெரும் யந்திரத் தொழில்களைச் சர்க்காரே நடத்துவது, அதற்கு வேண்டிய பணத்துக்கு வரி, கடன், அவை போதாத இடத்தில் பற்றாக்குறை பட்ஜெட் என்பது திட்டத்தின் போக்கு. 1957-ல் செல்வ வரியும் செலவு வரியும் வந்தன. 1958-ல் நன்கொடை வரி வந்தது. தொழில் தொடங்க லைசென்ஸ், சரக்கு தருவிக்கப் பர்மிட், மூலப்பொருளுக்குக் கோட்டா என்ற ஏற்பாடு வளர்ந்தது. 1959 ஜனவரியில் நாகபுரிக் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறையை லட்சியமாகக் கொண்டு தீர்மானித்தது. குடியானவன் வரப்பை அழித்துவிட்டுக் கூட்டாகப் பயிரிடவேண்டும் என்பது அதன் சாரம்.

இத்தீர்மானம்தான் ஆச்சாரியாரை மறுபடியும் களத்தில் இறக்கிற்று. அவ்வாண்டு ஜூன் மாதம் சென்னையில் சுதந்திராக் கட்சி உதயமாயிற்று; ஆகஸ்டில் பம்பாயில் மாநாடு கூடிற்று. ஆந்திர விவசாயிகளின் தலைவர் ஸ்ரீ ரங்கா அக்கிராசனர், ஸ்ரீ மினு மஸானி பொதுக் காரியதரிசி. "சுயராஜ்யா" என்ற ஆங்கில வாரப் பத்திரிகையிலும் தமிழில் "கல்கி"யிலும் ஆச்சாரியார் ஓயாது எழுதினார்.

அவருடைய வாதத்தின் மையம் எளிது. சர்க்கார் நோட்டை அதிகமாக அச்சடித்தால் பணத்தின் மதிப்புக் குறையும். நிலமும் பொன்னும் சரக்கும் வைத்திருப்பவன் தப்பித்துக்கொள்வான். அவன் உடைமையின் விலை ஏறிவிடும். கூலிக்காரன் சங்கம் அமைத்துக் கூலி உயர்வு கேட்பான். பென்ஷன் வாங்குகிறவன், வாத்தியார், குமாஸ்தா, தபாலாபீசில் மகள் கலியாணத்துக்காகச் சேமித்தவன், இவர்கள்தாம் சிக்கிக்கொள்வார்கள். சட்டசபையின் சம்மதம் பெறாமலே சேமிப்பின் ஒரு பகுதியைச் சர்க்கார் எடுத்துக்கொள்வதற்கு இது ஒப்பாகும். இதைப் புரிந்துகொள்ளப் பொருளாதார சாஸ்திரம் வேண்டியதில்லை; மளிகைக் கடைக் கணக்குப் புஸ்தகம் போதும். அவர் வழக்கில் மிகப் பலமான பகுதி இதுவே என்பது நம் எண்ணம்.

பலவீனமான பகுதி கூட்டாளிகளைச் சேர்ந்தது. 1962-ம் ஆண்டுத் தேர்தலில் கட்சிக்கு லோக்சபையில் 18 ஸ்தானங்கள் கிடைத்தன. அவற்றை வென்று கொடுத்தது பெரும்பாலும் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் அல்ல. வடநாட்டு ராஜ குடும்பங்களும் ஜமீன்தார்களும் தங்கள் பழைய செல்வாக்கினால் வென்றார்கள். ஜயப்பூர் மகாராணி காயத்ரி தேவியார் பெற்ற பிரமாண்டமான வெற்றி உலகமெங்கும் பேசப்பட்டது. ஆச்சாரியார் பிறந்த தமிழ்நாட்டிலோ கட்சிக்கு லோக்சபையில் ஒரு ஸ்தானம்கூட இல்லை. எளிய வாழ்க்கை வாழ்ந்த கதர்க் கிழவர் மகாராஜாக்களின் வக்கீல் என்று தூற்றப்பட இது இடங்கொடுத்தது. பட்டணத்து மத்தியதர வகுப்பாரோ வீட்டில் அவர் கட்டுரையைப் படித்து மெச்சிவிட்டு, வோட்டுச் சாவடிக்குப் போனால் பழைய வழக்கப்படி மாடுகள் பூட்டிய நுகத்தடிச் சின்னத்தையே நாடினார்கள்.

1963-ல் தங்கக் கட்டுப்பாடும் கட்டாய டிபாசிட்டும் வந்தன. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு, 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. மழை பொய்த்தது; அரிசி கிடைப்பது அரிதாயிற்று. இப்பொழுது ஆச்சாரியார் யாரும் எதிர்பாராத காரியம் செய்தார். ஹிந்தி விஷயத்திலும் கல்வித் திட்டத்திலும் தம்மை மூர்க்கமாக எதிர்த்த இயக்கத்திலிருந்து கிளைத்த திராவிட முன்னேற்றக் கழகத்தோடு கைகோத்தார். எண்பத்தெட்டு வயதில் மேடை மேடையாக ஏறினார். 1967-ல் தமிழ்நாட்டின் 39 லோக்சபை ஸ்தானங்களில் கழகம் 25-ம், நட்சத்திரச் சின்னத்தில் சுதந்திராக் கட்சி 6-ம் பெற்றன. காங்கிரஸுக்கு 3 மிஞ்சின. நாடு முழுவதிலும் சுதந்திராக் கட்சிக்கு 44 ஸ்தானங்கள். எதிர்க்கட்சிகளுள் அதுவே பெரியது. அரிசி விலை இத்தனை செய்தது.

அவ்வுறவு நிலைக்கவில்லை. 1971-ல் அவர் ஸ்ரீ காமராஜின் பழைய காங்கிரஸோடு சேர்ந்து இந்திரா காந்தியையும் கழகத்தையும் எதிர்த்தார். பாங்குகளைத் தேசியமயமாக்கிய இந்திரா அம்மையார் வறுமையை ஒழிப்பதாகச் சொல்லி வோட்டுக் கேட்டார். ஜனங்கள் அள்ளிக் கொடுத்தார்கள். சுதந்திராக் கட்சிக்கு 8 ஸ்தானங்கள் மாத்திரம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் தமிழ்நாட்டில் மதுவிலக்கும் தளர்த்தப்பட்டது. வேண்டாம் என்று மன்றாட முதுகிழவர் முதன் மந்திரி கருணாநிதியின் வீட்டுக்கே போய்வந்தும் பயனில்லை. 1937-ல் இண்டூரிலும் தருமபுரியிலும் மூடிய கடைகள் வேறு உருவில் திறந்தன. கள் வருமானத்துக்கு ஈடாகப் பிறந்த விற்பனை வரியை எடுத்துவிடுவோம் என்று அப்பொழுது ஒருவரும் பேசவில்லை. 2007-ல் மதிப்புக் கூட்டு வரியாகவும் 2017-ல் ஜி.எஸ்.டி.யாகவும் பெயர் மாறி அது இன்றும் வசூலாகிறது.

1972 டிசம்பர் 25-ந் தேதி சென்னையில் தொண்ணூற்றுநான்காவது வயதில் ஆச்சாரியார் காலமானார். 1974-ல் அவருடைய கட்சி பாரதீய லோக தளத்தில் கலந்துவிட்டது. அவர் ஓயாமல் சாடிய தொழில் லைசென்ஸ் முறையின் பெரும் பகுதியை, 1991 ஜூலையில், காங்கிரஸ் மந்திரிசபையே நீக்கிற்று.