ஏடு காத்த தாமோதரனார்



கோவிலம்பாக்கத்தில் என் வீட்டுக்குப் படிக்க வரும் மாணவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். தொல்காப்பியம் மிகப் பழைய நூல் ஆயிற்றே, அது எப்படி நம் கைக்குப் புத்தகமாக வந்தது? பலரும் விழிப்பார்கள். நீங்களும் விழிக்கிறீர்களா? சொல்கிறேன், கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் சிறுப்பிட்டி என்றொரு சிற்றூர். அங்கே 1832ஆம் ஆண்டு வைரவநாதரின் மகனாகப் பிறந்தவர் தாமோதரம்பிள்ளை. பெயருக்கு முன்னால் வரும் 'சி.வை.' அவருடைய ஊரையும் தந்தையையும் குறிக்கும். வட்டுக்கோட்டையில் ஆங்கிலக் கல்வி கற்ற அவர், பிறகு சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது 1857இல். அதன் முதல் பட்டதாரிகள் இருவரே. அவர்களில் ஒருவர் இவர்!

பின்னர் சட்டமும் படித்துத் தேறினார். கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் பணியாற்றினார். நல்ல பதவி, நல்ல வருமானம். ஓய்வு நேரத்தில் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் மனமெல்லாம் ஓலைச்சுவடிகள் மீதே இருந்தது.

அந்நாளில் பழந்தமிழ் நூல்கள் பல பனையோலையில் மட்டுமே இருந்தன. ஓலையைச் செல் அரிக்கும், பூச்சி துளைக்கும், நாளானால் தொட்டதும் நொறுங்கும். புதிய ஓலையில் படி எடுத்து வைக்காவிட்டால் நூலே அழிந்துவிடும்.

கிடைத்த ஓலையைப் படிப்பதும் எளிதன்று. அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. 'எரி' என்று எழுதியிருந்தால், அது நெருப்பா, நீர் நிறைந்த ஏரியா? முன்பின் படித்துப் பொருளறிந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

தாமோதரம்பிள்ளை ஊர் ஊராகச் சுவடி தேடினார். ஒரே நூலின் பல படிகளை வரிவரியாக ஒப்பிட்டுப் பிழை களைந்தார். நச்சினார்க்கினியர் உரையுடன் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இல் அச்சிட்டார். 1887இல் கலித்தொகையை வெளியிட்டார். எட்டுத்தொகை நூல்களில் முதன்முதலாக அச்சேறியது அதுதான். உ.வே.சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு வந்தது அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்துத்தான். வீரசோழியம், சூளாமணி போன்ற நூல்களும் இவரால் அச்சேறின. 1901ஆம் ஆண்டின் முதல் நாள் சென்னையில் அவர் மறைந்தார்.

பிள்ளைகளே, அவர் புதிதாக எழுதிய நூல்களைவிட, அழியாமல் காத்த நூல்களே அவர் பெயரை நிலைநிறுத்தின. இருப்பதைக் காப்பதும் பெரும் புலமைதான். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா, பாட்டியின் பழைய ஏடோ நோட்டுப் புத்தகமோ கிடக்கலாம். பழைய காகிதக் கடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்!