கூடு கட்டிய மருந்துக்கடைப் பையன்

ராத்திரி 12 மணி. ஹாஸ்டல் ரூம்ல கெட்டில் கொதிக்குது, உங்க கையில மேகி பாக்கெட். ஒரு நிமிஷம், அதை விக்கிற கம்பெனியோட லோகோவை போன்ல தேடிப் பாருங்க. ஒரு கூடு, அதுல குஞ்சுகளுக்கு இரை ஊட்டுற ஒரு தாய்ப்பறவை. அந்தக் கூடு யாரோடதுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?

அவர் பேர் ஹென்றி நெஸ்லே. நூடுல்ஸுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அவர் மருந்துக்கடையில வேலை கத்துக்கிட்டவர்.

1814-ல ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துல பிறந்தார். வீட்டுல 14 பிள்ளைகள், இவர் 11-வது. கூடப் பிறந்தவங்கள்ல பல பேர் பெரியவங்களாகுறதுக்கு முன்னாடியே இறந்துட்டாங்க. அந்தக் காலத்துல அது எல்லா வீட்டுலயும் நடந்த கதைதான்.

20 வயசு ஆகுறதுக்குள்ள ஒரு மருந்துக்கடையில பயிற்சியை முடிச்சார். அப்புறம் சுவிட்சர்லாந்துக்குப் போய், 1839-ல மருந்தாளுநர் உதவியாளர் தேர்வுல பாஸ் ஆனார். வெவே என்ற ஏரிக்கரை ஊர்ல செட்டில் ஆகி எண்ணெய், வினிகர், சோடா, லெமனேட், உரம், தெருவிளக்குக்கு கேஸ்னு என்னென்னவோ செஞ்சு பார்த்தார். நம்ம ஸ்டார்ட்-அப் சீனியர்கள் மாதிரியே, ஒண்ணு ஓடலைன்னா அடுத்தது!

1860-ல கல்யாணம். மனைவி ஒரு டாக்டரோட மகள். அவங்களுக்குக் குழந்தை பிறக்கல. ஆனா தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளோட பிரச்சனை அவரை விடல. மாட்டுப்பாலை அப்படியே கொடுத்தா பச்சைக்குழந்தைக்கு ஜீரணமாகாது. மாவுல இருக்கிற ஸ்டார்ச்சும் அப்படித்தான். அதனால கோதுமை மாவை ரொட்டியா சுட்டு, பொடிச்சு, சுண்டவைத்த பாலும் சர்க்கரையும் சேர்த்து, உலர்த்திப் பவுடராக்கினார். ஸ்டார்ச்சையும் அமிலத்தையும் முடிஞ்ச அளவு குறைச்சார்.

1867-ல ஒரு குறைமாதக் குழந்தை. தாய்ப்பால் குடிக்க முடியல, வேற எதுவும் ஒத்துக்கல. இந்தப் பவுடரைக் கரைச்சுக் கொடுத்தாங்க. குழந்தை பிழைச்சது. செய்தி ஊர் ஊரா பரவுச்சு. அவங்க ஊர் பேச்சுவழக்குல நெஸ்லேன்னா சின்னக் கூடுன்னு அர்த்தம். அந்தக் கூட்டையே லோகோ ஆக்கினார்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வாங்க. இவ்வளவு விற்பனையிலயும், முதல் மாதங்கள்ல தாய்ப்பால்தான் இயற்கையான உணவு, முடிஞ்ச அம்மாக்கள் எல்லாரும் அதையே கொடுக்கணும்னு அவர் எழுதி வெச்சார். தன் பொருளை விக்கிற ஒருத்தர், இது இல்லாம முடிஞ்சா இன்னும் நல்லதுன்னு சொல்றார். அதுதான் ஒரு நல்ல மருந்தாளுநரோட பேச்சு.

1875-ல கம்பெனியை 10 லட்சம் ஃபிராங்குக்கு வித்துட்டு ஒதுங்கிட்டார். 1890-ல, 75 வயசுல காலமானார். பேரும் கூடும் மட்டும் கம்பெனியோட போச்சு. அடுத்த நூற்றாண்டுல ஏழை நாடுகள்ல பால்பவுடர் விளம்பரம் பறந்தது. சுத்தமில்லாத தண்ணியில கரைச்சு, டப்பா சீக்கிரம் தீரக்கூடாதுன்னு அளவைக் குறைச்சு ஊட்டினதால, குழந்தைகள் நோய்லயும் சத்துக்குறைவுலயும் செத்தாங்க. 1977-ல அமெரிக்காவுல அந்தக் கம்பெனியைப் புறக்கணிக்கிற போராட்டம் தொடங்குச்சு. 1981-ல உலக சுகாதார நிறுவனம் இந்த விற்பனைக்கு விதிமுறை கொண்டுவந்தது. இந்தியாவுல 1992 சட்டம் இந்த விளம்பரத்தையே தடை செஞ்சது.

பவுடர் எதிரி இல்லைங்க. ஒரு உயிரைக் காப்பாத்தினதும் அதுதான். தொலைஞ்சு போனது, கவுன்டருக்குப் பின்னாடி நின்னு கேட்க வேண்டிய கேள்விகள்: குழந்தைக்கு எத்தனை மாசம்? டாக்டர் சொன்னாரா? தாய்ப்பாலை ஏன் நிறுத்துறீங்க? மாத்திரை சாப்பிடுறதால நிறுத்துறாங்கன்னா, பெரும்பாலான மருந்துகளுக்கு அது தேவையே இல்லை. டப்பா வேணும்னே ஆனா, காய்ச்சின தண்ணி, சுத்தமான பாத்திரம், போட்டிருக்கிற அளவு. முதல் 6 மாசம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் அதோட வீட்டுச் சாப்பாடு.

நாளைக்கு உங்க அக்காவுக்கோ அண்ணிக்கோ டப்பா வாங்க மெடிக்கலுக்கு நீங்கதான் ஓடுவீங்க. பணத்தை நீட்டுறதுக்கு முன்னாடி அந்தக் கேள்விகளைக் கடைக்காரர்கிட்ட நீங்களே கேளுங்க. அவர் நின்னு பதில் சொன்னா, அந்தப் பழைய மருந்துக்கடைப் பையன் இன்னும் கவுன்டர்ல இருக்கார்னு அர்த்தம்.