மனநிம்மதியைத் தேடிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்)



சமீப காலமாக இஷா தொழுகைக்குப் பிறகு என்னைத் தேடி வருகிற வாலிபர்களில் பலர் மஸ்அலா கேட்க வருவதில்லை. தூக்கம் வரவில்லை ஹஜ்ரத், நெஞ்சு படபடக்கிறது, தொழுகையில் நின்றாலும் மனம் நிற்க மறுக்கிறது என்று சொல்கிறார்கள். வீட்டில் சொன்னால் உனக்கு ஈமான் குறைவு என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்களாம். நோயை விட அந்த வார்த்தைதான் அவர்களை அதிகம் நோகடிக்கிறது.

அப்படி வருத்தப்படுகிறவர்களுக்கும், அந்த வார்த்தையைச் சொல்லி விடுகிற பெற்றோர்களுக்கும் இன்று ஒரு மாமனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம், இஸ்லாத்தின் ஆதாரம் என்று உலகம் அழைக்கிற இமாம் அபூஹாமித் முஹம்மது அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்தான் அவர்.

ஏழைப் பிள்ளை, பெரிய உஸ்தாத்

இமாமவர்கள் ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) குராஸானின் தூஸ் நகரத்தில் பிறந்தார்கள். இன்றைய ஈரானின் மஷ்ஹதுக்கு அருகில் உள்ள ஊர் அது. தந்தை ஏழை. மரணம் நெருங்கியபோது முஹம்மது, அஹ்மது என்ற தம் இரு பிள்ளைகளையும் ஒரு சூஃபி நண்பரிடம் ஒப்படைத்தார். கொடுத்துச் சென்ற பணம் தீர்ந்ததும் அந்த நண்பர், மத்ரஸாவில் சேர்ந்தால் சாப்பாடாவது கிடைக்கும் என்று பிள்ளைகளை அனுப்பி வைத்தார். வயிற்றுக்காகத் தொடங்கிய கல்வி அது.

பிறகு நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் ஓதி, ஆசிரியர் 478-ல் வஃபாத்தாகும் வரை அவர்களுடனேயே இருந்தார்கள். பின்னர் ஸல்ஜூக் அரசின் அமைச்சர் நிளாமுல் முல்க், ஹிஜ்ரி 484-ல் (கி.பி. 1091) பக்தாதின் நிளாமிய்யா மத்ரஸாவில் இமாமவர்களைத் தலைமைப் பேராசிரியராக நியமித்தார். அப்போது வயது 34 தான். 300 மாணவர்கள் அவர்கள் முன் அமர்ந்து பாடம் கேட்டார்கள். பக்தாதுக்குள் நுழைந்த அன்று அவர்களுடைய உடைக்கும் வாகனத்துக்கும் 500 தீனார் மதிப்பிடப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

பதவி, புகழ், செல்வம், கலீஃபாவின் மரியாதை எல்லாம் இருந்தது. சந்தோஷத்துக்கு எதுவெல்லாம் வேண்டும் என்று நாம் நினைக்கிறோமோ, அத்தனையும் அவர்களிடம் இருந்தது.

நாவு நின்றுபோன நாள்

ஹிஜ்ரி 488 ரஜப் மாதம். பக்தாது வந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவர்களைப் பதவியில் அமர்த்திய நிளாமுல் முல்க் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கொலை செய்யப்பட்டிருந்தார். இமாமவர்கள் தம் உள்ளத்தைப் பார்த்துத் தாமே ஒரு கேள்வி கேட்டார்கள். இந்தப் பாடம் அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா? கிடைத்த பதில் அவர்களை நடுங்க வைத்தது. எல்லாவற்றையும் விட்டுப் போய்விட வேண்டும் என்று காலையில் முடிவெடுப்பார்கள். மாலைக்குள் நஃப்ஸ் அதைக் கலைத்துவிடும். இந்தப் போராட்டம் கிட்டத்தட்ட ஆறு மாதங்கள் நீடித்தது.

மாணவர்களின் மனம் கோணக் கூடாதே என்று ஒருநாள் பாடம் நடத்த அமர்ந்தார்கள். நாவு அசையவில்லை. ஒரு சொல் கூட வெளிவரவில்லை. அந்தக் கவலை உடலிலும் இறங்கியது. உணவு ஜீரணிக்கவில்லை, பானம் கூட இறங்கவில்லை, உடல் பலவீனமானது. மருத்துவர்கள் வந்து பார்த்தார்கள். இது உள்ளத்தில் தொடங்கி உடலுக்குப் பரவிய நோய், உள்ளத்தின் கவலை நீங்காமல் மருந்து பலிக்காது என்று சொல்லிக் கைவிரித்தார்கள்.

இதை வேறு யாரோ இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. அல்முன்கிது மினள்ளலால் என்ற தம் நூலில் இமாமவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தமக்கு வந்ததை அவர்கள் மறைக்கவில்லை. அதைக் காரணம் காட்டி எந்த ஆலிமும் அவர்களை ஈமான் குறைந்தவர் என்று சொன்னதில்லை. அப்படியானால் நம் வீட்டுப் பிள்ளை தடுமாறி நிற்கும்போது அந்த வார்த்தையைச் சொல்ல நாம் யார்?

புறப்பட்டது எப்படி?

ஹிஜ்ரி 488 துல்கஃதா மாதத்தில் பக்தாதை விட்டுக் கிளம்பினார்கள். மக்காவுக்குப் போவதாக வெளியே சொன்னார்கள். ஷாமுக்கு என்றால் கலீஃபாவும் நண்பர்களும் தடுத்துவிடுவார்கள் என்ற பயம். சொத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஆனால் பிள்ளைகளின் உணவுக்குத் தேவையானதை எடுத்து வைத்த பிறகே கொடுத்தார்கள். இதைக் கவனியுங்கள். நிம்மதி தேடுகிறேன் என்று குடும்பத்தைத் தெருவில் விட்டுவிட்டுப் போகவில்லை.

ஷாமில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கினார்கள். திமிஷ்கின் பெரிய பள்ளிவாசல் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் தனித்திருப்பார்கள். பிறகு பைத்துல் முகத்தஸ், நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் அடங்கியிருக்கும் கலீல் நகரம், ஹஜ், மதீனா ஸியாரத். கடைசியில் பிள்ளைகளின் அழைப்பு அவர்களைச் சொந்த ஊருக்கு இழுத்து வந்தது.

பத்து ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. பத்து ஆண்டும் நிம்மதியாகவே போனதா என்றால் இல்லை. குடும்பப் பொறுப்பும் பிழைப்பின் தேவையும் இடையிடையே வந்து குழப்பின, உள்ளம் தெளிவாக இருந்தது சில நேரங்களில் மட்டுமே, ஆனாலும் நம்பிக்கையை விடவில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஒரே நாளில் மாறவில்லை என்று மனம் உடைந்து போகிறவர்களுக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது.

அன்றாடம் செய்யச் சொன்னவை

அந்தத் தனிமைக் காலம் நமக்குத் தந்த பொக்கிஷம்தான் 40 பகுதிகள் கொண்ட இஹ்யா உலூமித்தீன். அதன் கருத்துகளைப் பொதுமக்களுக்காகப் பார்சியில் சுருக்கி எழுதிய நூலுக்கு கீமியாயே ஸஆதத் என்று பெயர் வைத்தார்கள். நற்பாக்கியத்தின், மகிழ்ச்சியின் ரசவாதம் என்று பொருள். இந்நூல்களிலும் பிதாயத்துல் ஹிதாயாவிலும் அவர்கள் சொன்ன அன்றாடப் பழக்கங்கள் சிலவற்றைப் பாருங்கள்.

முதலாவது, நாளைப் பங்கு போடுவது. விடியலிலிருந்து உறங்கும் வரை ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். பகலை மட்டும் ஏழு பங்காகப் பிரிக்கிறார்கள். தொழுகை, திக்ரு, குர்ஆன், கல்வி, சம்பாத்தியம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஒரே காரியத்தில் மனிதனுடைய நஃப்ஸ் சலித்துவிடும், அதனால் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும் என்ற நுட்பத்தையும் சொல்கிறார்கள்.

இரண்டாவது, தூக்கம். 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டாம். 60 ஆண்டு வாழ்ந்தால் 20 ஆண்டு தூக்கத்திலேயே போய்விடுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். பகலில் சற்று உறங்கும் கைலூலாவை, இரவு வணக்கத்துக்கு உதவி என்று ஊக்கப்படுத்துகிறார்கள். நாமோ நள்ளிரவு வரை கைப்பேசியில் விழித்திருந்துவிட்டு, சுபுஹையும் இழந்து, மனம் சரியில்லை என்கிறோம்.

மூன்றாவது, தோழமை. மனிதர்களில் சிலர் உணவைப் போல, எப்போதும் தேவை. சிலர் மருந்தைப் போல, ஒரு நேரம் தேவை. சிலர் நோயைப் போல, ஒருபோதும் தேவையில்லை. உங்கள் நாளை யார் நிரப்புகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நான்காவது, நன்றி. தினமும் நோயாளிகள் இருக்கும் இடத்துக்கும் மையவாடிக்கும் குற்றவாளிகள் தண்டிக்கப்படும் இடத்துக்கும் சென்று வந்த ஒரு சூஃபியைப் பற்றி இஹ்யாவில் எழுதுகிறார்கள். ஆரோக்கியம், ஆயுள், பாதுகாப்பு ஆகிய நிஃமத்துகளைக் கண்ணால் பார்த்து உணர்வதற்காக அவர் அப்படிச் செய்தார். வாரத்தில் ஒரு நாள் ஒரு நோயாளியை விசாரிக்கப் போய் வாருங்கள். நம் முறையீடுகளில் பாதி வழியிலேயே காணாமல் போகும்.

ஐந்தாவது, முஹாஸபா. வியாபாரி தன் கூட்டாளியிடம் முதலைக் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்பதைப் போல, சுபுஹுக்குப் பிறகு நஃப்ஸிடம் நிபந்தனை போட வேண்டும், இரவில் கணக்குக் கேட்க வேண்டும். கடையைச் சாத்தும்போது கல்லாவை எண்ணாத வியாபாரி நம்மில் உண்டா? ஆயுளுக்கு மட்டும் ஏன் கணக்கு இல்லை?

திரும்பி வந்த மனிதர்

ஹிஜ்ரி 499-ல் ஆட்சியாளரின் வேண்டுகோளை ஏற்று நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். அதே பணிதான். ஆனால் முன்பு புகழைச் சேர்க்கும் கல்வியைக் கொடுத்தேன், இப்போது புகழை விடச் செய்யும் கல்வியைக் கொடுக்கிறேன் என்ற பொருளில் எழுதினார்கள். நின்றுபோன நாவு மறுபடியும் பேசியது. 500 தீனாருக்கு மதிப்பிடப்பட்டவரின் உடை பிற்காலத்தில் 15 கீராத்துக்குத்தான் மதிப்பிடப்பட்டது.

பிறகு தூஸுக்குத் திரும்பி, வீட்டருகே ஒரு மத்ரஸாவும் சூஃபிகளுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்து, குர்ஆன் ஓதுவது, நல்லோருடன் அமர்வது, பாடம் நடத்துவது என்று நேரத்தைப் பங்கிட்டு வாழ்ந்தார்கள். ஹிஜ்ரி 505 ஜுமாதல் ஆகிர் 14, திங்கட்கிழமை (கி.பி. 1111 டிசம்பர் 18). அன்று காலை ஒளூச் செய்து தொழுதார்கள். கபன் துணியைக் கேட்டு வாங்கி முத்தமிட்டுக் கண்களில் வைத்தார்கள். கிப்லாவை நோக்கிக் கால் நீட்டிப் படுத்தார்கள், உயிர் பிரிந்தது. ஹிஜ்ரிக் கணக்கில் வயது 55.

அருமையானவர்களே! மனநோய்க்கு மருத்துவரிடம் போவது தவக்குலுக்கு மாற்றமானதல்ல. மருந்து உட்கொள்வது தவக்குலுக்கு முரணில்லை என்று இஹ்யாவில் விளக்கியவர்களும் இதே இமாமவர்கள்தான். மருத்துவம் ஃபர்ளு கிஃபாயா என்றும், எல்லோரும் ஃபிக்ஹுக்கே ஓடினால் ஊரில் மருத்துவர் யார் என்றும் வருத்தப்பட்டார்கள். எனவே தேவைப்பட்டால் மருத்துவரைப் பாருங்கள். அதோடு இந்த ஐந்தில் ஒன்றை இன்றிரவே தொடங்குங்கள். தடுமாறினால் விட்டுவிடாதீர்கள். இமாமவர்களும் பத்து ஆண்டுகள் விழுந்து எழுந்துதான் நடந்தார்கள்.

வீட்டில் யாராவது வாடிய முகத்தோடு இருந்தால், தீர்ப்புச் சொல்லாமல் பக்கத்தில் போய் அமருங்கள்.

அல்லாஹு தஆலா நம் உள்ளங்களுக்கு நிம்மதியையும், நம் நாட்களுக்கு பரக்கத்தையும், நோயுற்ற உள்ளங்களுக்குப் பூரண ஷிஃபாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.