செவாலியே தெயோன்

செவாலியே தெயோன் (அக்டோபர் 5, 1728 – மே 21, 1810) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த தூதுவரும், போர்வீரரும், ஒற்றரும் ஆவார். பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயி தனது அமைச்சர்களுக்கும் தெரியாமல் நடத்திவந்த இரகசியக் கடிதத் தொடர்பில் முக்கிய பங்கு வகித்தார். தனது வாழ்வின் முதல் 49 ஆண்டுகளை ஆணாகவும், எஞ்சிய 33 ஆண்டுகளைப் பெண்ணாகவும் வாழ்ந்தார். இன்று இவர் பெரும்பாலும் இதற்காகவே அறியப்படுகிறார். ஆனால் இவர் காலத்து பிரெஞ்சு அரசு அஞ்சியது இவரிடமிருந்த கடிதங்களுக்குத்தான்.

இளமை

பர்கண்டிப் பகுதியிலுள்ள தொன்னேர் என்னும் ஊரில், செல்வாக்குக் குறைந்த ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். இவரது நீண்ட முழுப்பெயரில் வரும் ஜெனவியேவ் என்பது பொதுவாகப் பெண்களுக்கு இடப்படும் பெயராகும். பாரிசில் சட்டம் பயின்று 1749 இல் பட்டம் பெற்றார். வாட்போரிலும் தேர்ச்சி பெற்றிருந்தார்.

மன்னரின் இரகசியம்

அக்காலத்தில் பிரான்சுக்கு இரண்டு வெளியுறவுக் கொள்கைகள் இருந்தன எனலாம். ஒன்று வெளியுறவு அமைச்சருடையது. மற்றொன்று, "மன்னரின் இரகசியம்" எனப்பட்ட சிறு குழுவினுடையது. தனது உறவினரான கோந்தி இளவரசரைப் போலந்தின் அரியணையில் அமர்த்தும் நோக்குடன் 1740களில் லூயி இக்குழுவைத் தொடங்கினார். குழுவைச் சேர்ந்த தூதுவர்கள் அமைச்சருக்கு ஒரு அறிக்கையும், சங்கேத எழுத்தில் மன்னருக்கு வேறொரு அறிக்கையும் அனுப்பினர். இருவரிடமிருந்தும் வரும் கட்டளைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதும் உண்டு. பின்னாளில் இக்குழுவை நடத்திய புரோலி பிரபுவை 1762 இல் மன்னர் அரசவையிலிருந்து வெளியேற்றினார். அதே மன்னர், இரகசியப் பணியைத் தொடருமாறு அவருக்கு மறைவாக எழுதினார்.

பிரான்சுக்கும் உருசியாவுக்கும் இடையில் முறிந்திருந்த தூதரக உறவை மீட்கும் பணி நடைபெற்றபோது, 1756 இல் தெயோன் தூதரகச் செயலாளராக சென் பீட்டர்ஸ்பர்க் நகருக்குச் சென்றார். அங்கு உருசியப் பேரரசி எலிசபெத்துக்கும் லூயிக்கும் இடையே நிகழ்ந்த தனிப்பட்ட கடிதத் தொடர்பில், உருசியத் தரப்பில் வொரொன்சோவும் பிரெஞ்சுத் தரப்பில் தெர்சியேயும் தெயோனும் இடையாட்களாக இருந்தனர். தெயோன் பெண் வேடமிட்டுப் பேரரசியின் வாசகராகப் பணியாற்றினார் என்ற கதை பரவலாக வழங்குகிறது. இதற்குச் சமகாலச் சான்று இல்லை. 1836 இல் இவரது நினைவுக் குறிப்புகள் என்ற பெயரில் நூல் வெளியிட்ட கயார்தே, அதில் கற்பனை கலந்திருந்ததைப் பின்னர் ஒப்புக்கொண்டார்.

இலண்டனில்

உருசியாவிலிருந்து திரும்பியபின் குதிரைப்படைத் தலைவராக ஏழாண்டுப் போரில் பங்குபெற்ற தெயோன், 1762 இல் அமைதிப் பேச்சுக்காக நிவெர்னே கோமகனுடன் இலண்டன் சென்றார். இப்பேச்சுகளின் விளைவான 1763 ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கையே, ஆங்கிலேயரிடம் வீழ்ந்திருந்த புதுச்சேரியைப் பிரான்சுக்கு மீட்டுத் தந்தது. இப்பணிக்காகத் தெயோனுக்குப் புனித லூயி விருது கிடைத்தது. இவரது பெயருடன் வழங்கும் செவாலியே பட்டம் இவ்விருதால் வந்ததாகும்.

உடன்படிக்கையின் மை காயுமுன்னரே லூயி அடுத்த போருக்கு வழி தேடினார். இங்கிலாந்தின் மீது படையெடுக்க ஏற்ற கடற்கரைகளை மறைவாக ஆராயும் திட்டத்தில் பங்குகொள்ளுமாறு 1763 சூனில் தெயோனுக்கு எழுத்து மூலம் ஆணையிட்டார். அக்கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியிருந்தால் மீண்டும் போர் மூண்டிருக்கக்கூடும்.

அதே ஆண்டு அக்டோபரில் புதிய தூதுவராக கெர்சி பிரபு வந்து சேர்ந்தார். அதுவரை பொறுப்புத் தூதுவராக இருந்த தெயோன் மீண்டும் செயலாளர் ஆக்கப்பட்டு, பின்னர் நாடு திரும்பவும் பணிக்கப்பட்டார். இவர் மறுத்து, ஆவணங்களுடன் இலண்டனிலேயே தங்கினார். 1764 மார்ச்சில் தூதரகக் கடிதங்கள் பலவற்றை நூலாக அச்சிட்டு வெளியிட்டார். ஆனால் மன்னரின் இரகசியக் கடிதங்களை அதில் சேர்க்கவில்லை. அவை வெளிவரக்கூடும் என்ற அச்சமே இவருக்குக் காப்பாயிற்று. 1766 இல் மன்னர் ஆண்டுக்கு 12,000 லிவ்ர் ஓய்வூதியம் வழங்கினார். தெயோன் 1763 ஆம் ஆண்டு ஆணையை ஒப்படைத்தார். ஏனைய தாள்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, இலண்டனிலிருந்து மன்னருக்குத் தொடர்ந்து தகவல் அனுப்பி வந்தார்.

ஒப்பந்தம்

1774 இல் லூயி இறந்தபின் அரியணையேறிய பதினாறாம் லூயி இரகசியக் குழுவைக் கலைத்தார். எஞ்சிய ஆவணங்களை மீட்க அடுத்த ஆண்டு அனுப்பப்பட்டவர், செவில் நகர நாவிதர் என்ற நாடகத்தை இயற்றிய பொமார்சே ஆவார். தெயோன் ஆணா பெண்ணா என்று இலண்டனில் அப்போது பெருந்தொகைக்குப் பந்தயம் கட்டப்பட்டு வந்தது. பொமார்சே செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, தெயோன் ஆவணங்களை ஒப்படைக்க வேண்டும். தன்னைப் பெண் என அறிவித்துப் பெண்ணுடை அணிய வேண்டும். பதிலுக்கு ஓய்வூதியம் தொடரும். 1777 இல் படையுடையிலேயே வெர்சாய் வந்த இவருக்குப் பெண்ணுடை அணியுமாறு அரசாணை பிறப்பிக்கப்பட்டது. அமெரிக்க விடுதலைப் போரில் சேர அனுமதி கேட்டு வற்புறுத்தியதால் 1779 இல் திசோன் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார்.

இறுதிக்காலம்

1785 இல் இலண்டன் திரும்பினார். பிரெஞ்சுப் புரட்சியால் ஓய்வூதியம் நின்றது. தான் சேகரித்த நூல்களை விற்றும், பெண்ணுடையிலேயே வாட்போர்க் காட்சிகள் நடத்தியும் வாழ்ந்தார். 1787 இல் வேல்சு இளவரசர் முன்னிலையில் புகழ்பெற்ற வாள்வீரர் செயின்ட் சார்ஜுடன் மோதினார். 1796 இல் ஏற்பட்ட காயத்துக்குப் பின் வாளைத் தொடவில்லை. கடைசி ஆண்டுகளைக் கோல் என்னும் விதவையுடன் ஒரே வீட்டில் வறுமையில் கழித்தார். 81 ஆவது அகவையில் இறந்தபின் உடலை ஆராய்ந்த மருத்துவர் கோப்லண்ட், இவர் உடலளவில் ஆண் எனச் சான்றளித்தார். பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த கோல் அதை அன்றுதான் அறிந்தார்.

தெயோன் விட்டுச்சென்ற தாள்களின் ஒரு பகுதி இங்கிலாந்தின் லீட்சு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. இவரது உருவப்படம் ஒன்றை இலண்டன் தேசிய உருவப்படக் காட்சியகம் 2012 இல் வாங்கியது.