சதைத் துணுக்கில் நோயைப் படித்த மேதை ருடால்ப் விர்ச்சோ

சிறுநீரகத்தில் ஊசி செலுத்திச் சிறிது சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், நம் மணலி வீடுகளில் அச்சம் குடிபுகுந்துவிடுகிறது. எடுத்த சதையை என்ன செய்வார்கள், அதில் எதைப் பார்ப்பார்கள், இருக்கும் சிறுநீரகமும் கெட்டுவிடாதா என்று பெரியவர்கள் கலங்குகிறார்கள். மருத்துவமனை வாயில்வரை சென்று திரும்பிவிட்டவர்களையும் நாம் அறிவோம். அறியாமையே இவ்வச்சத்தின் வேர். ஆகவே நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில், சதைத் துணுக்கைக் கொண்டு நோயை அறியும் கலைக்கு அடித்தளமிட்ட ஒரு பெரியாரின் வாழ்க்கையை நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் ஜெர்மானிய மருத்துவ மேதை ருடால்ப் விர்ச்சோ.

1821ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், பிரஷ்ய நாட்டின் ஷீவல்பைன் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் உழவர், ஊரின் வரவு செலவுக் கணக்கையும் கவனித்தவர். குடும்பத்தில் செல்வம் இல்லை. பிற்காலத்தில் படைமருத்துவராகப் பணிபுரிய ஒப்பும் மாணவர்களுக்குக் கட்டணமின்றி மருத்துவம் கற்பித்த பெர்லின் நிறுவனம் ஒன்றில் 1839இல் அவருக்கு இடம் கிடைத்தது. 1843இல் பட்டம் பெற்றுச் சாரிட்டே மருத்துவமனையில் பணியேற்றார். அந்த உதவி கிடைத்திராவிடில் இம்மேதையை உலகம் இழந்திருக்கக்கூடும். கல்வி உதவித்தொகையின் அருமையை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?

1848ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேல் சைலீசியா என்னும் பகுதியில் டைபஸ் காய்ச்சல் பரவி, மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தனர். நிலைமையை ஆராய அரசு விர்ச்சோவை அனுப்பியது. அங்கே வாழ்ந்தோர் போலிஷ் மொழி பேசிய ஏழைகள், நிலக்கிழார்களுக்குக் கட்டுண்டு கிடந்தவர்கள், எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள். அவர்களிடம் கண்ட அழுக்கையும் சோர்வையும் விர்ச்சோ மறைக்கவில்லை. ஆயின் அவை பிறவிக் குணங்கள் அல்ல, நெடுங்கால அடிமைத்தனத்தின் விளைவுகள் என்று அவர் எழுதினார். நோயைத் தீர்க்க மருந்தை மட்டும் அவர் கேட்கவில்லை. மக்களாட்சி, கல்வி, தாய்மொழிக்கு உரிமை, நல்ல சாலைகள், ஏழைகளை நசுக்காத வரி ஆகியவற்றையே மருந்தாகப் பரிந்துரைத்தார். மருத்துவரை அனுப்பிய அரசு, தன்மீதே குற்றஞ்சாட்டும் அறிக்கையைப் பெற்றது. நம் சென்னையில் சித்த மருத்துவராக விளங்கிய அயோத்திதாசப் பண்டிதரும் நம் பிள்ளைகளின் பள்ளிகளுக்காக உழைத்தார் என்பதை இங்கே நினைவுகூர்கிறோம். உடற்பிணியை அறிந்த இருவரும் சமூகப் பிணியையும் அறிந்திருந்தனர்.

அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெர்லின் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது விர்ச்சோவும் அவர்களோடு நின்றார். விளைவாக 1849இல் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அவரை வரவேற்றது. அங்கேதான் அவருடைய பெரும்பணி முதிர்ந்தது. 1856இல் பெர்லின் அவரை மீண்டும் அழைத்தது. 1858இல் அவர் ஆற்றிய இருபது சொற்பொழிவுகள் நூலாக வெளிவந்தன. உயிரணுக்கள் உயிரணுக்களிலிருந்தே தோன்றுகின்றன. நோய் என்பது அவ்வுயிரணுக்களில் நிகழும் மாறுதலே. ஆகவே நுண்ணோக்கியால் நோயின் இருப்பிடத்தைக் காணலாம் என்பதே அந்நூலின் சாரம். உயிரணு பிளந்தே பெருகுகிறது என்பதை முன்னரே கண்டறிந்தவர் ராபர்ட் ரெமாக். யூதராகப் பிறந்த காரணத்தால் முழுப் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டவர் அவர். அவருக்கு உரிய மதிப்பை விர்ச்சோ தம் நூலில் அளிக்கவில்லை. பெரியோரின் குறையையும் மறைக்காமல் சொல்வதே வரலாறு.

சிறுநீரகத்தையும் அவர் ஆராய்ந்தார். திசுக்களில் படியும் ஒருவகைப் பொருளுக்கு 1854இல் அமிலாய்டு என்று பெயரிட்டார். மாவுப்பொருள் போன்றது என அவர் கருதியது தவறு. அது புரதம் எனப் பின்வந்தோர் கண்டனர். பெயர் மட்டும் நிலைத்தது. காசநோய் போன்ற நெடுநாள் நோயுற்றவர்களின் சிறுநீரகத்தில் அப்பொருள் படிந்துள்ளதா என்பதை இன்றும் சதைத் துணுக்கில் சாயமேற்றியே காண்கின்றனர்.

1859 முதல் இறுதிவரை பெர்லின் நகரமன்ற உறுப்பினராக இருந்து, கழிவுநீர்க் கால்வாய்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் இறைச்சிச் சோதனைக்கும் பாடுபட்டார். ஏறத்தாழ 67 லட்சம் பள்ளிப் பிள்ளைகளின் கண், முடி, தோல் ஆகியவற்றின் நிறங்களைக் கணக்கெடுக்கச் செய்து, 1886இல் முடிவை வெளியிட்டார். வெண்ணிறமும் பொன்முடியும் நீலக்கண்ணும் ஒருங்கே கொண்ட பிள்ளைகள் ஜெர்மானியரிடையே சிறுபான்மையினரே என்றும், அத்தகையோர் யூதப் பிள்ளைகளிடையிலும் உள்ளனர் என்றும் அக்கணக்கு காட்டியது. தூய இனம் என்னும் ஆணவத்துக்கு அது பேரிடியாயிற்று. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கப்பட்ட நாட்டில் வாழும் நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

இனி, நாம் சொல்லவந்த செய்திக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சியைக் கூறுவோம். 1887ஆம் ஆண்டு ஜெர்மன் பட்டத்து இளவரசர் பிரடெரிக்கின் தொண்டையில் கட்டி தோன்றியது. புற்றுநோய் என ஐயுற்ற ஜெர்மன் மருத்துவர்கள் அறுவைக்கு ஆயத்தமாயினர். இங்கிலாந்திலிருந்து வந்த மெக்கென்சி என்னும் மருத்துவர், முதலில் சதையைச் சோதிக்க வேண்டும் என்று கூறிச் சிறு துணுக்குகளை எடுத்து விர்ச்சோவுக்கு அனுப்பினார். அவற்றில் புற்றுநோயை விர்ச்சோ காணவில்லை. ஆயினும் வந்த துணுக்கைக் கொண்டு முழு நோயைப் பற்றி உறுதி கூற இயலாது என்றும் குறிப்பிட்டிருந்தார். அந்த எச்சரிக்கையை எவரும் பொருட்படுத்தவில்லை, அறுவை கைவிடப்பட்டது. 1888 மார்ச்சில் அரியணை ஏறிய பிரடெரிக் 99 நாட்களே ஆண்டு, ஜூன் 15ஆம் நாள் இறந்தார். புற்றுநோயே காரணம் என்று பிணக்கூறாய்வில் தெளிவாயிற்று. உலகின் தலைசிறந்த கண்ணும் தன்முன் வைக்கப்பட்டதை மட்டுமே காணும் என்பது அன்று புலனாயிற்று.

1902ஆம் ஆண்டு ஜனவரியில் ஓடும் டிராமிலிருந்து இறங்கியபோது விர்ச்சோவுக்குத் தொடையெலும்பு முறிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1951இல் டென்மார்க்கைச் சேர்ந்த இவர்சன், புரூன் ஆகிய மருத்துவர்கள் ஊசியால் சிறுநீரகத் திசு எடுக்கும் முறையை வெளியிட்டனர். அம்முறை திருத்தம் பெற்று இன்று எங்கும் வழக்கில் உள்ளது.

அதன் செய்முறையை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண் வடிப்பான்கள் உள்ளன. ஸ்கேன் கருவியால் பார்த்தபடியே, மரத்துப்போகச் செய்த இடத்தில் ஊசி செலுத்தி, நூலிழை போன்ற துண்டுகளை எடுக்கின்றனர். இழப்பது மிகச் சிறிதே. குருதிக் கசிவு ஏற்படக்கூடும் என்பதால், இரத்தம் உறையும் திறனையும் இரத்த அழுத்தத்தையும் முன்னதாகவே பார்த்து, பின்னர்ப் படுக்கையில் ஓய்வு தருகின்றனர்.

எடுத்த திசுவை உலரவிடலாகாது. ஒரு பகுதி பார்மலினில் இடப்படும்; அதை மிக மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் காண்பர். இன்னொரு பகுதி உப்புநீரிலோ அதற்கென உள்ள கரைசலிலோ செல்லும். நோயெதிர்ப்புப் புரதங்கள் படிந்துள்ளனவா என்று ஒளிரும் சாயத்தால் பார்ப்பர். மூன்றாவது பகுதி மின்னணு நுண்ணோக்கிக்கு உரியது. அனைத்தையும் பார்மலினிலேயே போட்டுவிட்டால் ஒளிர்சாயச் சோதனைக்கு இடையூறாகும். துண்டில் வடிப்பான்கள் இரண்டு மூன்றே இருந்தால், சிலவற்றை மட்டும் தாக்கும் நோய் கண்ணுக்குத் தப்பிவிடும்; பத்துக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்பர்.

துண்டோடு செல்லும் தாளும் துண்டைப் போலவே இன்றியமையாதது. வயது, இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின், நீரிழிவு, உண்ட மருந்துகள் யாவும் அதில் இருத்தல் வேண்டும். நாட்டு மருந்து உண்டதையும், கடையில் வாங்கி விழுங்கிய வலிமாத்திரைகளையும் மறைக்காமல் சொல்வது நோயாளியின் கடமை. இளவரசருக்கு நேர்ந்தது நம் வீட்டாருக்கு நேராதிருக்க, நிறைவான துண்டும் நிறைவான செய்தியும் ஆய்வகத்தைச் சேர வேண்டும். மருத்துவரோடு செல்லும் மகனோ மகளோ கேட்டறிந்து உண்மையைச் சொல்லத் தெரிந்தவராய் இருந்தால், அதுவே நோயாளிக்குப் பெருந்துணை.

இளைஞர்களே! நம் முன்னோர் ஆலைகளிலும் துறைமுகத்திலும் சுமை தூக்கினர். ஊரின் கழிவை அகற்றினர். மருத்துவமனையைத் துப்புரவு செய்யும் பணியே நமக்கு உரியது என்று ஊர் எண்ணியது. அங்கேயே நுண்ணோக்கியின் முன்னும் ஓர் இருக்கை உண்டு. ஆய்வக நுட்பாளராகவும் நோய்க்குறியியல் மருத்துவராகவும் நம் பிள்ளைகள் அதில் அமர வேண்டும். கண்ணாடித் தகட்டில் வைத்த திசு, தான் எச்சாதியாருடையது என்று சொல்வதில்லை. நோய் இன்னதென்று மட்டுமே சொல்கிறது. அதைப் படிக்கும் கல்வியை நம் பிள்ளைகளுக்கு அளிப்பதே இவ்வெள்ளிவிழா ஆண்டில் நாம் ஏற்கும் உறுதியாகுக!