நகைக் கடன் கவுன்டரும் ஆனந்த குமாரசுவாமியும்



வங்கியில் பல வருடம் நகைக் கடன் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்த்து, கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழித்து, நிகர எடை இத்தனை கிராம் என்பார். நான் எழுதிக்கொள்வேன். ஒருநாள் ஓர் ஆயா பழைய பதக்கம் ஒன்று கொண்டுவந்தார். கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் கிருஷ்ணன், மாடு, மரம், குழல் எல்லாம் இருந்தன. இந்த வேலைப்பாட்டுக்கு எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டார். ஒன்றும் கிடையாது அம்மா என்றேன். விதி அது. ஆனாலும் அவர் முகம் மறக்கவில்லை.

ஆயா கேட்டதையே வாழ்நாளெல்லாம் கேட்ட ஒருவரை ஓய்வுக்குப் பிறகுதான் படித்தேன். அவர் ஆனந்த குமாரசுவாமி. 1877 ஆகஸ்ட் 22-ல் கொழும்பில் பிறந்தார். தகப்பனார் சர் முத்து குமாரசுவாமி, யாழ்ப்பாணத் தமிழர், தாயார் ஆங்கிலேயர். இரண்டு வயது நிரம்பும் முன்பே தகப்பனார் காலமாக, இங்கிலாந்தில் வளர்ந்தார்.

படித்தது மண்ணியல். 1903-ல் இலங்கைக் கனிம ஆய்வுத் துறைக்கு இயக்குநரானார். தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தவர் அவரே. கல்லைத் தேடிக் கண்டிப் பகுதிக் கிராமங்களில் அலைந்தவர் கண்ணில் பட்டவர்கள் தட்டார், கன்னார், நெசவாளர், சித்திரக்காரர். அரசர் காலத்தில் இவர்களில் பலருக்குக் கூலிக்குப் பதில் நிலமே தரப்பட்டிருந்தது. அரிசிக்குக் கவலையில்லாததால் ஒரு வேலையை அவசரப்படாமல் செய்ய முடிந்தது. அரசு போய், ஆலைச் சரக்கு வந்து இறங்கியதும் அந்த ஏற்பாடு குலைந்தது. அவர் மனைவி எதெல் புகைப்படம் எடுக்க, இவர் எழுதினார். எதெலின் சகோதரர் ஃபிரெட் பார்ட்ரிட்ஜ், ஆஷ்பீயின் கைவினைக் கழகத்தில் நகை செய்தவர். ஆக, பட்டறைப் பேச்சு வீட்டிலேயே இருந்திருக்கும்.

இலங்கைக் கலை பற்றிய அந்தப் பெரிய நூல் 1908-ல் வந்தது. வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கை அச்சு இயந்திரத்தில், தன் வீட்டிலேயே அச்சிட்டார். மொத்தம் 425 பிரதிகள்தான். அடுத்த வருடம் இந்தியக் கைவினைஞர் பற்றிய நூல். 1916-ல் ராஜபுத்திர ஓவியங்கள் பற்றி இரண்டு தொகுதிகள். உள்ளங்கை அகலத் தாளில் ராதை கிருஷ்ணன் கதையைச் சொல்லும் அந்தச் சிற்றோவியங்களை முகலாய ஓவியத்திலிருந்து பிரித்துக் காட்டியது அவர் செய்த பெரிய காரியம். நடராஜர் தாண்டவக் கட்டுரை அதற்கு முன்பே, 1912-ல், நம் சென்னையின் சித்தாந்த தீபிகை பத்திரிகையில் வந்துவிட்டது.

நகை பற்றி அவர் சொன்னதன் சாரம் இதுதான்: அலங்காரம் மேலே ஒட்டிய ஆடம்பரம் இல்லை, ஒரு பொருளை முழுமையாக்குவது. தமிழில் நகைக்கும் செய்யுளுக்கும் அணி என்று ஒரே சொல் இருப்பதை நினைத்துப் பாருங்கள். கலைஞன் என்று தனிச் சாதி கிடையாது, தன் வேலையை அறிந்து செய்கிற ஒவ்வொருவரும் கலைஞரே என்றார். ஒரு துண்டை மட்டும் செய்துவிட்டு முழுப் பொருளைப் பார்க்காத ஆலை வேலை மனிதனைக் குறைக்கிறது என்றும் வாதிட்டார்.

இங்கே எனக்கு முழுச் சம்மதம் இல்லை. விம்கோ, அசோக் லேலண்டு என்று ஷிஃப்ட் பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். குமாரசுவாமி வசதியான வீட்டுப் பிள்ளை; சம்பளத் தேதியை எண்ணியவர் அல்லர். ஆனால் நம் பேட்டையே கவர்னர் காலெட் 1718 வாக்கில் நெசவாளர்களுக்காக ஏற்படுத்தியது, காலெட்பேட்டைதான் காலடிப்பேட்டை ஆனது. இன்று என் தெருவில் ஒரு தறி இல்லை. அவர் சொன்னதை அப்படியே ஒதுக்கவும் முடியவில்லை.

தன் சேகரிப்பைக் கொடுத்துக் காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைக்க முயன்றார், பணம் சேரவில்லை. அவை 1917-ல் பாஸ்டன் நகருக்குப் போயின, அவரும் போனார். புழக்கத்துக்குச் செய்த பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதைக் குறை சொன்னவர், முப்பது வருடம் அந்தப் பெட்டிகளுக்குக் காவலராக இருந்தார். எழுபதாவது பிறந்தநாளில் இந்தியாவுக்குத் திரும்பப் போவதாக அறிவித்தார். மூன்று வாரத்துக்குள், 1947 செப்டம்பர் 9-ல் காலமானார்.

உங்கள் வீட்டுப் பழைய நகையைச் செய்தவர் பெயரும் ஊரும் பெரியவர்களுக்குத் தெரிந்தால், அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். எடை, இருக்கும் இடம் எல்லாம் வேண்டாம்!