டான் ஹட்சன்

வலியோரே வெல்வர் என்பது பலரும் கொண்டுள்ள எண்ணம். உடல்வலிமை வெற்றிக்குத் துணைசெய்யும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், விரைவும் அறிவும் இடையறாப் பயிற்சியும் ஒருவரிடம் ஒருங்கே அமையுமாயின், அவர் மெலிந்த உடலினராயினும் வலியோரை வெல்லுதல் கூடும். அங்ஙனம் வென்றவருள் ஒருவர், அமெரிக்க நாட்டின் கால்பந்து வீரராகிய டான் ஹட்சன்.

ஆட்டத்தின் இயல்பு

அமெரிக்கக் கால்பந்து, நாம் ஆடும் கால்பந்தினின்றும் வேறானது. அணிக்குப் பதினொருவர் ஆடுவர். பந்து, இருமுனையும் கூர்ந்து நீண்டிருக்கும். அதனைக் கையில் ஏந்தி ஓடலாம். முன்னே செல்லும் தோழனுக்கு எறியவும் செய்யலாம். எதிரணியினர் பந்தேந்தியவரை மறித்து வீழ்த்த முயல்வர். பந்துடன் எதிரணியின் எல்லைக்கோட்டை அடைந்தால் ஆறு புள்ளிகள் கிடைக்கும்.

தொடக்கத்தில் இவ்வாட்டம் பெரும்பாலும் உடலோடு உடல் மோதும் போராகவே இருந்தது. பந்தை முன்னோக்கி எறிதல் 1906ஆம் ஆண்டில்தான் விதிகளில் இடம்பெற்றது. தொழில்முறை அணிகளின் அமைப்பாகிய தேசியக் கால்பந்து லீக், அதற்கிருந்த கட்டுப்பாட்டை 1933இல் தளர்த்தியது. எறியப்படும் பந்தை ஓடிப் பற்றும் வீரரை இக்காலத்தில் வைட் ரிசீவர் என்பர். ஹட்சன் காலத்தில் அவர் அணிவரிசையின் முனையில் நின்றமையால் முனைவீரர் எனப்பட்டார்.

இளமையும் கல்வியும்

ஹட்சன், ஆர்கன்சா மாநிலத்துப் பைன் பிளஃப் என்னும் ஊரில், 1913ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31ஆம் நாள் பிறந்தார். இளமையில் சாரணர் இயக்கத்தில் சேர்ந்து, ஈகிள் சாரணர் என்னும் உயர்நிலை எய்தினார். பின்னர் அலபாமா பல்கலைக்கழகத்தில் பயின்று, அதன் அணியிலும் இடம்பெற்றார். 1935ஆம் ஆண்டின் முதல் நாளில், கலிபோர்னியாவில் ரோஸ் பவுல் என்னும் புகழ்பெற்ற போட்டி நடைபெற்றது. அதில் அலபாமா, ஸ்டான்ஃபோர்டு அணியை 29க்கு 13 என்னும் கணக்கில் வென்றது. அன்று ஹட்சன் ஆறுமுறை பந்தைப் பற்றி 165 கெஜம் முன்னேறினார். அவர் பெயர் நாடெங்கும் பரவியது.

பதினேழு நிமிடங்கள்

தொழில்முறை அணிகள் அவரை நாடின. விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே பேக்கர்ஸ், நியூயார்க்கின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் ஆகிய இரண்டும் அனுப்பிய ஒப்பந்தங்களில் அவர் கையொப்பமிட்டுவிட்டார். இரண்டு தாள்களும் லீக்கின் தலைவர் ஜோ காரிடம் சேர்ந்தன. அவர் உறைகளின் அஞ்சல் முத்திரைகளை நோக்கினார். கிரீன் பேயின் முத்திரை பதினேழு நிமிடம் முந்தியதாக இருந்தது. ஆதலின் ஹட்சன் அவ்வணிக்கே உரியவர் ஆயினார் என்பர். கிரீன் பே சிறிய ஊர். அதன் அணியோ ஊர்மக்கள் பங்குப்பணம் இட்டுப் பேணியது. ஆயினும், அதன் பயிற்றுநர் கர்லி லாம்போ, பந்தெறியும் ஆட்டத்தை விரும்பி வளர்த்தவர். ஹட்சனின் திறன் மலர்தற்கு அவ்விடமே ஏற்றதாயிற்று.

களத்தில் கண்ட புகழ்

ஆறடிக்குச் சற்று மேற்பட்ட உயரமும் ஏறத்தாழ 180 பவுண்டு எடையும் உடைய அவரைக் கண்டோர், இம்மெலிந்த உடல் மோதலைத் தாங்குமோ என ஐயுற்றனர். 1935ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், சிக்காகோ பேர்ஸ் அணிக்கு எதிராகக் களமிறங்கிய ஹட்சன், அவ்வையத்தை நீக்கினார். தம் அணியின் முதல் முயற்சியிலேயே ஆர்னி ஹெர்பர் எறிந்த நெடும்பந்தைப் பற்றி, 83 கெஜம் கடந்து எல்லையை அடைந்தார். அந்த ஆறு புள்ளிகளும், அதனைத் தொடர்ந்து கிட்டிய ஒரு புள்ளியுமே அன்றைய ஆட்டத்தின் மொத்தக் கணக்கு. கிரீன் பே வென்றது.

அவர் வெற்றி கால்விரைவினால் மட்டும் வந்ததன்று. ஒருபுறம் ஓடுவார்போல் காட்டி மறுபுறம் திரும்புவார்; விரைவைக் குறைத்து, எதிரி அயர்ந்த நொடியில் பாய்வார். எந்த இடத்தில், எந்த நொடியில் பந்து வந்து விழும் என்பதை எறிபவரும் அவரும் முன்னரே வகுத்துப் பழகியிருப்பர். தனித்து நின்று அவரைத் தடுத்தல் அரிதாகவே, எதிரணியினர் இருவரையும் மூவரையும் அவருக்கெனக் காவல் நிறுத்தினர். பற்றுவோர் ஓடும் வழிகளை முறையாக வகுத்த முன்னோடி அவரே எனப் போற்றுவர்.

அக்காலத்தில் ஒரே வீரர் தாக்குதலிலும் காப்பிலும் ஆடவேண்டும். ஹட்சன் எதிரணியினர் எறிந்த பந்துகளை இடைமறித்துப் பற்றினார். புள்ளிக்காகப் பந்தை உதைக்கவும் செய்தார். 1945இல் டெட்ராய்ட் அணிக்கு எதிராக, ஆட்டத்தின் ஒரே காற்பகுதியில் தனியொருவராய் 29 புள்ளிகள் ஈட்டினார்.

அருஞ்செயலும் அதன் அளவும்

1935 முதல் 1945 வரை பதினோர் ஆண்டுகளில் அவர் 116 ஆட்டங்கள் ஆடினார். 488 முறை பந்தைப் பற்றி 7,991 கெஜம் முன்னேறினார். எறிந்த பந்தைப் பற்றி 99 முறை எல்லையை அடைந்தார். அவர் காலத்தில் கிரீன் பே 1936, 1939, 1944 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது. 1942இல் அவர் பற்றியவை 74. அடுத்து நின்றவர் பற்றியவை 27 மட்டுமே.

இரண்டாம் உலகப்போரில் வீரர் பலர் படைக்குச் சென்றமையால் அக்காலத்துப் போட்டி தளர்ந்திருந்தது என்பார் உளர். இஃது ஓரளவு உண்மையே. மேலும், 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் கறுப்பின வீரர் ஒருவரும் ஆடவில்லை. ஆற்றல் மிக்க பலருக்குக் களத்தின் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. ஒருவரைப் போற்றும்பொழுது இவ்வநீதியை மறைத்தல் அறமன்று. எனினும், போர் தொடங்குமுன்னரே ஹட்சன் தம் திறனை நாட்டிவிட்டார். எல்லா இனத்தவரும் ஆடத் தொடங்கி நெடுங்காலம் சென்ற பின்னரும், அவருடைய 99 என்னும் எண் முறியாது நின்றது. 1989இல்தான் ஸ்டீவ் லார்ஜென்ட் அதனைக் கடந்தார்.

ஓய்வும் மறைவும்

புகழ் குன்றுமுன்னரே, தம் முப்பத்திரண்டாம் அகவையில் ஹட்சன் ஆட்டத்தினின்றும் விலகினார். சிலகாலம் தம் அணியினர்க்குப் பயிற்சி அளித்தார். பின்னர் வாணிகத்தில் ஈடுபட்டார். 1951இல் அவர் அணிந்த 14ஆம் எண்ணைப் பிறர்க்கு அளிப்பதில்லை எனக் கிரீன் பே அணி முடிவு செய்தது. 1963இல் தொழில்முறைக் கால்பந்துப் புகழ்மன்றம் தொடங்கப்பெற்றபோது, முதல் வரிசையிலேயே அவர் இடம்பெற்றார். 1997ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் கலிபோர்னியாவில் அவர் மறைந்தார்.

உடலின் மெலிவை எண்ணி அவர் சோர்ந்தாரல்லர். தமக்கு வாய்த்த விரைவை அறிவோடு இணைத்துப் பயின்றார். அதனால் மோதலே முதன்மையாயிருந்த ஆட்டத்தில் நுண்ணறிவும் தலைமை பெற்றது. தம்மிடம் இல்லாததை நினைந்து வருந்தாமல், இருப்பதை அறிந்து வளர்ப்போர் உயர்வர் என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை.